மலைக்குக் கால் நீட்டாத நீச்சல் குளம்

யாராவது என் முகத்தைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பகீரென்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே, திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் ஒரே வீட்டில் ஒரே பள்ளத்தை இரண்டு தடவை தோண்டினேன், ஒரு தடவை மூடினேன், இன்னொரு தடவை மூடுவதற்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். என் தொழிலில் இப்படி ஒரு கூத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

என்னிடம் சொந்தமாக ஒரு ஜேசிபி இருக்கிறது. நானே ஓட்டுகிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா காலத்தில் மல்லாட்டை போட்டோம், நெல் போட்டோம். எனக்கு மண்ணைக் கிளறுவதில் ஆசை, ஆனால் குனிந்து கிளறுவதில் ஆசையில்லை. அதனால் வண்டி வாங்கினேன். நான் யாரையும் கேட்டுச் செய்கிற ஆளில்லை. வண்டி வாங்கினதைக்கூட, வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கின பிறகுதான் வீட்டில் சொன்னேன். இதை ஒரு பெருமையாகவே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் அவர் வந்து வாய்த்தார்.

பேர் வேண்டாம். ஊரில் எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சின்ன டைரி, அதன் முதுகில் செருகின பேனா. ஏதோ ஒரு அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு எழுதி மேலே அனுப்பினவர். மேலே இருப்பவர் 'ஆகட்டும்' என்று எழுதினால்தான் கீழே ஒரு துரும்பு நகரும். ஓய்வு பெற்றதும் மேலே யாரும் இல்லாமல் போய்விட்டது. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள, எதிரே வருகிற எல்லோரையும் மேலே ஏற்றி உட்காரவைத்துக்கொண்டார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

முதன்முதலில் அவரைப் பார்த்தது ஒரு டீக்கடையில். மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இன்னைக்கு டீ சாப்பிடட்டுமா, காபி சாப்பிடட்டுமா? நீங்க என்ன சொல்றீங்க?"

மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பாலு கம்மியா இருக்கு சார். நீங்க ஒரு பன்னு சாப்பிடுங்க."

அவர் உடனே பன்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிண்டல் என்று நினைக்கவில்லை. வருத்தமும் படவில்லை. யோசித்துச் சொன்ன யோசனைக்கு நன்றி சொல்கிற முகத்தோடு, பன்னைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "தம்பி, ப்ரஷர் மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, அப்புறமா? நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் அப்போது வண்டிக்குக் கிரீஸ் வைத்துவிட்டு, கையெல்லாம் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் மாதிரியா தெரிந்தேன்? "முன்னாடியே போட்டுடுங்க சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த டைரியில் ஊரே இருந்தது. யார் என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள், எல்லாம் இருக்கும். ஆனால் அதைப் புரட்டிப் பார்த்து எதையும் அவர் முடிவு செய்து நான் பார்த்ததில்லை. கடைசியாக வாயைத் திறந்தவர் யாரோ, அவர் சொன்னதுதான் நடக்கும். கூட்டத்தில் கடைசி ஆளாகப் பேசினால் போதும், அவரை எங்கே வேண்டுமானாலும் திருப்பிவிடலாம் என்பது டீக்கடைக்கே தெரிந்த ரகசியம்.

இப்படி ஒருவர் வீட்டில் நீச்சல் குளம் கட்டப்போகிறார் என்றதும் வேங்கிக்காலில் பாதிப் பேர் சிரித்தார்கள். "குடிக்கிற தண்ணியே நாளு விட்டு நாளு வருது, இவருக்கு நீச்சல் குளம் கேக்குதா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போய்ப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தது. வலது கால் மடங்காது. அதில் ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தது. இடது கால் வலிக்கும், வீங்கும். கல்யாணமாகி வந்த நாள் முதல் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றின அம்மா அது. பதினாலு கிலோமீட்டரையும் செருப்பில்லாமல், ஒரு இடத்தில்கூட உட்காராமல் நடப்பார்களாம். கூடவே போகிற இவர்தான் அடி அண்ணாமலை வந்ததும், "கொஞ்சம் உக்காரலாமா?" என்று வழியில் போகிறவர்களிடம் எல்லாம் கேட்பாராம். இதை அந்த அம்மாவே எனக்கு மோர் கொடுக்கும்போது சொல்லிச் சிரித்தார்கள். அப்போது கையில் ஒரு கோல் வைத்திருந்தார்கள்.

டாக்டர் சொன்னது இதுதான். நெஞ்சு வரைக்கும் தண்ணீரில் நின்று தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், கால் மெல்லப் பழகும். ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்காவிட்டால் அப்புறம் நாற்காலிதான். வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் கேட்டுப் பார்த்தார்களாம். அங்கே குளத்தில் இறங்குவதற்கு இரும்பு ஏணி. மடங்காத காலோடு ஏணியில் எங்கே இறங்குவது? அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், படிக்கட்டு வைத்து, கைப்பிடி வைத்து, முப்பது அடிக்குப் பன்னிரண்டு அடி. ஆழம் நாலடி.

விஷயம் தெரிந்த பிறகு நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். சீக்கிரம் தோண்டிக் கொடுத்துவிடவேண்டும் என்று எனக்கே ஒரு வேகம் வந்தது. ஆனால் சார் அந்தச் சமயத்தில் குளத்தின் வடிவத்தைப் பற்றி ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு கம்பெனி ஆள் படப் புத்தகத்தைக் காட்டி, 'கிட்னி ஷேப்' நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர், வீட்டுக்குள் கிட்னி எதற்கு, ஆஸ்பத்திரி ஞாபகம் வரும் என்றார். இன்னொருவர் வட்டம் என்றார். இருபது நாள் போயிற்று. நான் ஒரு நாள் போய், "சார், நீள்சதுரமா வெட்டுனாதான் வண்டிக்குத் தோது" என்றேன். நல்லவேளை, அன்றைக்கு நான்தான் கடைசி ஆள்.

வீட்டுக்கு நேர் தெற்கே மலை. பின்பக்கத்தில் நின்றால் மொத்த மலையும் தெரியும். சுண்ணாம்புத் தூளில் தெற்கு வடக்காகக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். காலையில் தோண்ட ஆரம்பித்தேன். மேலே செம்மண், மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறை. ஜேசிபி வாளியின் பல் நறநறவென்று கடித்தது. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "சுத்தமா வெட்டிட்டீங்க தம்பி" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் பூஜைக்கு நாள் குறிக்க ஒரு குருக்களை அழைத்துவந்தார் சார். பெரிய கோயிலில் பரம்பரையாகப் பூஜை செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். குருக்கள் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, மலையைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டு, "பேஷா இருக்கு. வர்ற வியாழக்கிழமை பண்ணிடலாம்" என்றார். சார் அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா மனுஷன்?

"சாமி, ஒரு சந்தேகம். இதுல நீந்துறப்போ, மலையப் பாத்துப் போனா சரி. திரும்பி வர்றப்போ காலு மலைப் பக்கம் நீட்டிக்குமே. பரவாயில்லீங்களா? நீங்க என்ன சொல்றீங்க?"

எங்கள் ஊர் சங்கதி தெரியாதவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. திருவண்ணாமலையில் மலைதான் சாமி. மலை இருக்கிற திசையில் காலை நீட்டிப் படுக்க எங்களுக்கு மனசு வராது. புது வீட்டில் கட்டில் போடும்போதுகூட முதலில் ஜன்னல் வழியாக மலை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் போடுவோம். வண்டியிலேயே தூங்குகிற நான்கூட, தலை எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சாய்வேன். ஆனால் நீந்துகிறவன் காலைப் பற்றி அதுவரை யாரும் யோசித்ததில்லை. சார் யோசித்துவிட்டார்.

குருக்கள் மறுபடி ஒரு தடவை மலையைப் பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

"நீங்க கேக்காம பண்ணியிருந்தா ஒண்ணுமே இல்லை. சுவாமி அதையெல்லாம் பார்த்துண்டு இருக்கப்போறதில்லை. ஆனா கேட்டுட்டேளே! கேட்டப்புறம் நான் பரவாயில்லைன்னு சொன்னா, அது என் தலையிலன்னா விடியும்?"

"அப்ப திருப்பிடலாங்களா?"

"திருப்பிடுங்கோ" என்றார் குருக்கள், வேறு வழியில்லாமல்.

நான் வண்டியிலிருந்து குதித்து இறங்கினேன். "சார், இது குழி சார்! கட்டில் இல்ல, திருப்பிப் போடறதுக்கு!" என்று கத்தினேன். கொத்தனார் வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி பெரியவர், நக்கல் பிடித்த மனுஷன். அவர் தன் பங்குக்கு, "இன்னாத்துக்கு சார் இவ்ளோ வேலை? போறப்போ நீந்திப் போங்க, வர்றப்போ நடந்து வந்துடுங்க" என்றார். சார் அதையும் டைரியில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, மேஸ்திரி சொன்னதுபோலச் செய்யலாமா என்று குருக்களைக் கேட்டார். குருக்கள் அதற்குள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தார்.

தோண்டின மண்ணையே தள்ளி மூடினேன். இரண்டு நாள் தண்ணீர் விட்டு இறுக்கி, கிழக்கு மேற்காகக் கோடு போட்டு, மறுபடியும் தோண்டினேன். மூடின மண் பொலபொலவென்று சரிந்தது. மேஸ்திரி பக்கச்சுவரை ஓரடி கூடுதலாகக் கனப்படுத்தவேண்டியிருந்தது. இதற்குள் ஆறு மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. அந்த அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி முன்னால் பள்ளத்துக்கு ஓரத்தில் இருக்கும். இப்போது பின்கட்டுக் கதவோரத்திலேயே கிடந்தது. அவ்வளவு தூரம்தான் அவர்களால் வர முடிந்தது.

கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, படிக்கட்டும் கைப்பிடியும் வைத்து முடித்தார்கள். இனி டைல்ஸ் மட்டும்தான். ஒரு வாரத்து வேலை என்றார் மேஸ்திரி. சார் டைல்ஸ் நிறத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அவரோடு வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாம் இருக்கிற குரூப். என்னையும் சேர்த்துவிட்டிருந்தார். நீலமா, பச்சையா, வெள்ளையா, ஓட்டுப் போடவேண்டும். நீலத்துக்குப் பதினொன்று, பச்சைக்குப் பதினொன்று. ஒருவர் வெள்ளை என்று போட்டு, நல்ல ஜோசியரைக் கேட்டுக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் எதையும் படிக்காமல், 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு இரண்டு கைகூப்பும் படத்தையும் போட்டுவிட்டார். நான் ஓட்டுப் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். வீம்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சமமாக வந்ததால் மறுபடியும் ஓட்டு. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து நாள் அடித்துப் பெய்தது. மாடியிலிருந்து விழுந்த மழைத் தண்ணீரும் சேர்ந்து, குளம் தானாக நிறைந்தது. நிற்கட்டும், கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரியும் அப்படியே விட்டுவிட்டார். கோல் பிடித்து நடந்த அம்மா, நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆறு மாதம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

அப்போதுதான் அந்த அம்மாவின் அண்ணன் வேலூரிலிருந்து தங்கையைப் பார்க்க வந்தார். குளத்தைச் சுற்றி வந்தார். "என்னா மாப்ள இது? இருக்கற ஒரு காலும் இதுல வழுக்கி ஒடையறதுக்கா? பேசாம மூடிட்டு ஒரு கார் ஷெட் போடுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். கடைசியாகப் பேசினவர் அவர்தான்.

சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மெஷின் ப்ரீயா இருக்குதா? மூடிடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆறு மாதக் கணக்கு எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எரிச்சலில் இருந்தேன். "தாராளமா மூடுங்க சார். நாளைக்கே வர்றேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. மலை கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று நின்றது. குளத்தில் மார்பளவுக்குத் தண்ணீர். நாலு புங்க இலை மிதந்ததைத் தவிர அடி தெரிகிற மாதிரி சுத்தமான தண்ணீர். பின்னாலேயே ஒரு டிப்பர் லாரியில் மண் வந்து நின்றது. சார் குளத்தோரம் டைரியை மூடியபடி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, எந்தப் பக்கத்துலருந்து மூடலாம்? நீங்க என்ன..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஞ்சினை நிறுத்தினேன்.

"ஒரே ஒரு தடவையாவது நீங்களா ஒரு முடிவு எடுக்கமாட்டீங்களா சார்? பொறந்ததுலருந்து எடுத்ததே இல்லியா?"

அவர் கோபப்படவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்தேன் தம்பி. ஒரே ஒரு தடவ. அவ வலது காலு ஆபரேஷனுக்கு. பண்ணிடலாம்னு டாக்டர் பேப்பர நீட்டுனாரு. யாரையும் கேக்கல. நானே கையெழுத்து போட்டுட்டேன். புண்ணு சீழ் வெச்சி, மூணு மாசம் படுத்துக் கெடந்தா. அன்னையிலருந்து அந்தக் காலு மடங்கல." பேனாவை டைரியில் செருகிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நாலு பேர கேட்டிருந்தா, எவனாவது ஒருத்தன் வேணாம்னு சொல்லியிருப்பான் இல்ல?"

டீக்கடையில் அவரை வைத்துச் சிரித்ததெல்லாம் ஞாபகம் வர, வண்டியிலிருந்து இறங்கினேன். அந்தச் சமயத்தில் பின்கட்டிலிருந்து டக், டக் என்று ஸ்டாண்டை ஊன்றுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா வந்துகொண்டிருந்தார்கள். கதவோரத்து நாற்காலியைத் தாண்டி வந்தார்கள். அவ்வளவு தூரம் அவர்கள் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"நாலு பேர எதுக்குங்க கேக்கணும்?" என்றார்கள். மூச்சு வாங்கியது. "அது யார் காலு?"

சார் திரும்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் பக்கத்துலதான படுத்துக்குனு இருந்தேன்? வேணாங்க, பயமா இருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க கையெழுத்து போட்டு, பேனாவ மூடி, டாக்டருக்குக் கும்புடும் போட்டுட்டீங்க. அதுக்கப்புறம் டீ மாஸ்டரக் கேட்டாச்சு, குருக்களக் கேட்டாச்சு, எங்கண்ணனக் கேட்டாச்சு. தோ, வண்டிக்காரத் தம்பியக் கேட்டுட்டீங்க. குரூப்புல ஓட்டு வேற. என்ன ஒரு தடவ கேட்டீங்களா?"

அவர் மனைவி பக்கம் ஓரடி வந்தார். அந்த அம்மா நிறுத்தவில்லை.

"மலைக்குக் கால் நீட்டக்கூடாதுன்னு குழிய மூடித் திருப்பிப் போட்டீங்களே. எனக்கு நீந்தத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டீங்களா? டாக்டர் நடக்கத்தான சொன்னாரு? நடக்கறவளுக்குக் காலு தரையிலதாங்க இருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. டிப்பர் டிரைவரும் சிரித்தார். இரண்டு பள்ளம் தோண்டியும், ஒன்றை மூடியும், குருக்கள் முதல் மேஸ்திரி வரைக்கும் ஆளாளுக்கு யோசனை சொல்லியும், இது எங்கள் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லையே! அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்ப மெதுவாக, புது மனுஷியிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"நீ... நீ என்ன சொல்ற?"

"நான் எறங்கறேன்."

டைல்ஸ் ஒட்டவில்லை, ஃபில்டர் மாட்டவில்லை, நாள் பார்க்கவில்லை. சார் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியோடும் சட்டையோடும் முதலில் படியில் இறங்கினார். பையிலிருந்த டைரி அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. அவர் கவனிக்கவில்லை. கையை நீட்டினார். அந்த அம்மா கைப்பிடியை ஒரு கையாலும் அவர் கையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். நான் படியோரம் போய் நின்றுகொண்டேன். விழுந்தால் பிடிக்கலாம் என்று. கடைசிப் படியில் தண்ணீர் மார்புக்கு வந்ததும், "ஐயோ, சில்லுனு இருக்குது!" என்று கத்தினார்கள். புடவை பொங்கி மேலே வந்தது. அழுத்திவிட்டுக்கொண்டார்கள்.

நாலடி தூரம் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி நடந்தார்கள். அப்புறம் அந்த அம்மா நின்றார்கள்.

"கைய விடுங்க."

அவர் விடவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்குத் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக விட்டார்.

அந்த அம்மா நடந்தார்கள். தண்ணீரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, கிழக்குச் சுவர் வரைக்கும் தனியாக நடந்து, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். அப்போது முகத்தைப் பார்த்தேன். நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. டிப்பர்காரரிடம் மண்ணை வேறு எங்காவது கொட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானும் வண்டியைத் திருப்பினேன்.

டைல்ஸ் கடைசிவரை ஒட்டவில்லை. "வழவழன்னு எதுவும் வேணாம், சொரசொரன்னு சிமெண்டே இருக்கட்டும், காலு பிடிக்கும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் ஓட்டுப் போட்டவர்கள் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஃபில்டரும் மோட்டாரும் மட்டும் வந்து உட்கார்ந்தன. ஸ்டாண்டிலிருந்து மறுபடியும் கோலுக்கு வர அவர்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. கோலை விட்டு நடக்க முடியவில்லை. மலை சுற்றுகிற அளவுக்குக் கால் தேறவும் இல்லை.

ஆனால் சும்மா இருந்தார்களா? மேஸ்திரியைக் கூப்பிட்டு, இந்தத் தொட்டியில் போய்த் திரும்பி வந்தால் அறுபது அடி, எத்தனை சுற்று சுற்றினால் பதினாலு கிலோமீட்டர் வரும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். எழுநூற்றுச் சொச்சம் என்றார் அவர். ஒரு நாளைக்கு இருபத்தாறு சுற்று நடந்தால், ஒரு பௌர்ணமிக்கு ஆரம்பித்து அடுத்த பௌர்ணமிக்கு முடிந்துவிடும். அப்படியே நடந்தார்கள். சார் குளத்தோரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பார். கொட்டை விஷயத்தில் அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

சார் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக நான் பார்த்தபோதும் அந்த நாற்காலியில்தான் இருந்தார். அந்தப் பக்கம் ஒரு வேலைக்குப் போனவன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். அந்த அம்மா தண்ணீரில் நடந்துகொண்டே கையை ஆட்டினார்கள். நான் அப்போது பழைய வண்டியைத் தள்ளிவிட்டு இரண்டு புது வண்டியாக எடுத்துவிடலாமா என்ற யோசனையில் இருந்தேன். மனசுக்குள் முடிவே பண்ணியாயிற்று. இருந்தாலும் ஒரு குறும்பு. இத்தனை வருஷம் என்னை அவர் கேட்டாரே, ஒரு தடவை நான் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வண்டி விஷயத்தைச் சொல்லி, அவர் குரலிலேயே இழுத்துக் கேட்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்க, சார்?"

அவருக்குக் கிண்டல் புரிந்ததோ இல்லையோ, தெரியவில்லை. ஒரு புளியங்கொட்டையை எடுத்து வரிசையில் வைத்தார். வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்ல கேட்டீங்களா, தம்பி?"

நான் கேட்டிருக்கவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எதையுமே கேட்டிருக்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு மத்தியானம் ஒப்புக்கொண்டிருந்த வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் போன் பண்ணிவிட்டு, வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினேன்.